மயிலிட்டியில் ஐந்து அறைகள்

தொண்ணூற்றாறு வீடு ஏறி இறங்கி, இரண்டு தரம் நாய்க்குத் தப்பி, குடைக்கம்பி ஒன்றையும் முறித்துக்கொண்டு உதயகலா சேர்த்துக் கொடுத்த படிவங்களின்படி, மயிலிட்டியில் வெளியாட்கள் வந்தால் தங்கக்கூடிய அறைகள் மொத்தம் ஐந்து.

நல்லூரில் இருந்த திட்ட அலுவலகத்தில் றொகான் அந்தக் கட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் இந்த அளவீடு முழுவதற்கும் அவர்தான் பொறுப்பு.

"அக்கா, தொண்ணூற்றாறு வீட்டிலை அஞ்சு அறை எண்டால், உங்கடை சனம் எங்கை படுக்குது?"

"அறையள் இருக்குது, சேர். கேட்டால் இல்லையெண்டு சொல்லுதுகள்."

"கூரை ஒழுக்கு. கூரை ஒழுக்கு. கதவில்லை. கூரை ஒழுக்கு. இஞ்சை ஒராள் தனக்கு வீடே இல்லையெண்டு சொல்லியிருக்கிறார். அவரோடை எங்கை இருந்து கதைச்சனீங்கள்?"

"அவற்றை விறாந்தையிலைதான்," என்றாள் உதயகலா. சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. றொகானுக்கு வரவில்லை.

வேலை என்னவோ எளிமையானதுதான். வடக்குக் கரையோரத்து ஊர்களுக்கு எத்தனை உல்லாசப் பயணிகள் வருகிறார்கள், வந்தவர்கள் நின்றுபோக அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்துக் கணக்கெடுக்க வேண்டும். வருகிறவர்களின் தேவைக்குப் பெயர் கேள்வி, ஊரில் இருப்பதற்குப் பெயர் நிரம்பல் என்று பயிற்சி வகுப்பில் றொகான் பலகையில் எழுதிக் காட்டினார். உயர்தரத்தில் பொருளியல் படித்துவிட்டு அதற்குப் பிறகு அதைத் தொட்டும் பார்க்காத உதயகலாவுக்கு, பழைய சிநேகிதிகள் இரண்டு பேரைச் சந்தையில் கண்டதுபோல இருந்தது.

கேள்வியில் ஒரு குறையும் இல்லை. கீரிமலைக்கு வந்த பஸ்கள் மயிலிட்டித் துறைமுகத்தையும் எட்டிப் பார்க்காமல் திரும்புவதில்லை. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் சுவிஸ்காரரும் கனடாக்காரரும் பிள்ளைகளோடு வந்து வள்ளங்களுக்கு முன்னால் நின்று படமெடுத்துத் தள்ளினார்கள். அறுநூற்றுப் பதினெட்டுப் பேரிடம் கேட்டதில் நானூறுக்கு மேற்பட்டவர்கள், இடமிருந்தால் ஒரு நாள் நின்றுதான் போவோம் என்றார்கள். குருநாகலில் இருந்து வந்த ஒரு பெண்மணி சுடச்சுடப் பொரித்த சூடைமீனில் ஒன்பதைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, ஒரு பாய் தந்தால் அந்த இடத்திலேயே படுத்துவிடுவேன் என்று கையால் காட்டினார். பொழுது சாயமுன்னர் அவருடைய பஸ்ஸும் யாழ்ப்பாணம் பார்த்துத் திரும்பிவிட்டது.

"நாப்பது அறை வேணும், அக்கா," என்றார் றொகான். "அதுக்குக் குறைஞ்ச ஊர் உல்லாசப் பயணப் பட்டியலிலை நிக்காது. பட்டியலிலை இல்லாட்டிப் பதிவும் இல்லை, பயிற்சியும் இல்லை. வாற சனி நானே வந்து ஒவ்வொரு அறையாப் பாப்பன். அதுக்குள்ளை ஏதாவது செய்ய ஏலுமெண்டால் செய்யுங்கோ."

பஸ்ஸில் வீடு திரும்பும்போது உதயகலா நாற்பதில் ஐந்தைத் திரும்பத் திரும்பக் கழித்துப் பார்த்தாள். ஊருக்காக மட்டும் கழித்தாள் என்று சொன்னால் அது பொய். கடலைப் பார்த்தபடி அவள் வீட்டில் இரண்டு அறைகள் இருந்தன. அவளும் கணவன் ஜெயரூபனும் மூன்று வருடமாகக் கல்லும் மண்ணும் சுமந்து கட்டியவை. யன்னல் திரைகளும் தலையணை உறைகளும் அம்மா விட்டுப்போன தையல் மெசினில் அவளே தைத்தவை. ஒருவரும் படுக்காத மெத்தைகளுக்குக் கிழமைக்கு ஒரு தரம் வெயில் காட்டினாள். பதிவு கிடைத்தால் ஆவணி மாதத்துக்குள் விருந்தாளிகள் வருவார்கள். ஜெயரூபன் கடலுக்குப் போகாத நாட்களிலும் வீட்டில் அடுப்புக் கவலையில்லாமல் எரியும். ஊர் பட்டியலில் இருந்து விழுந்தால் அவள் கடைசிவரை மெத்தைக்கு வெயில் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஊர்ச்சனம் ஏன் இல்லை இல்லை என்கிறது என்று அவளுக்குத் தெரியாமலில்லை. மயிலிட்டிச் சனம் இருபத்தேழு வருடம் முகாம்களில் இருந்தது. அத்தனை வருடமும் படிவத்தோடு யாராவது வந்தால், அது நிவாரணம் கொடுக்க அல்லது நிவாரணத்தை வெட்ட. இருக்கிறது என்று சொன்னவனுக்கு வெட்டு. இல்லை என்று சொன்னவனுக்குப் பருப்பு. ஊர் திரும்பி, கல்வீடு கட்டி, தரைக்கு மாபிள் பதித்த பிறகும், ஒரு பேனையையும் கடதாசியையும் கண்டால் அவர்களுடைய வாய் தன்பாட்டில் இல்லை என்றுவிடும்.

உதயகலாவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ஏழு வயதில், தெல்லிப்பழைப் பக்கத்து முகாமொன்றில், படிவத்தோடு வந்த ஒருவர் குனிந்து அவளிடம், "வீட்டிலை தையல் மெசின் இருக்கோ?" என்று கேட்டார். பாயால் மூடி வைத்திருந்த மெசினை அவள் பெருமையாகக் கைநீட்டிக் காட்டினாள். வீட்டில் உழைப்பு இருக்கிறது என்று எழுதி மூன்று மாதத்துக்கு நிவாரண அட்டையை வெட்டிவிட்டார்கள். அம்மா அவளை அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை. மூன்று மாதமும் தன் சோற்றில் பாதியை அவள் கோப்பையில் போட்டார். அடித்திருந்தால் மறந்திருப்பாள்.

மறுநாள் காலை அவள் நேரே ஏரம்பு வீட்டுக்குப் போனாள். ஏரம்பு கடற்றொழிலாளர் சங்கத் தலைவர், இரண்டு வள்ளத்துக்கும் ஒரு மேல்மாடிக்கும் சொந்தக்காரர். அவருடைய படிவத்தில் 'அறை இல்லை, மலசலகூடம் ஒன்று, கதவில்லை' என்று இருந்தது. அவருடைய மெத்தை போட்ட செற்றியில் இருந்துகொண்டுதான் உதயகலா அதை எழுதினாள்.

"ஏரம்பண்ணை, நாப்பது அறை இல்லாட்டி எங்கடை ஊரைத் தூக்கிப்போடப் போறாங்கள். மேல்மாடியிலை என்ன இருக்குது, உண்மையைச் சொல்லுங்கோ."

"மேலை சாமான் கிடக்குது, பிள்ளை."

"என்ன சாமான்?"

"சாமான்தான்," என்று ஏரம்பு மேலே பார்த்தார். அவருக்கும் வெட்கம்தான், ஆனால் வாய் விடவில்லை.

அந்த நேரத்தில் அவருடைய மனைவி கனகாம்பிகை தேத்தண்ணியோடு வந்தார். கக்கத்தில் ஒரு பெரிய அல்பம். மகளுக்குப் போன வைகாசியில் கலியாணம் நடந்தது. அல்பம் வந்து இரண்டு கிழமைதான். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்க்காமல் எழும்ப முடியாது.

"இது எங்கடை கனடா மச்சாளாக்கள்," என்று கனகாம்பிகை விரல் வைத்தார். "பதினேழு பேர் வந்தவை, உதயா. ஒருத்தரையும் லொட்ஜிலை நிக்க விடேல்லை. எல்லாரும் இஞ்சைதான் நிண்டவை."

உதயகலா தேத்தண்ணிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். "பதினேழு பேரோ? பெரிய பாடாயிருந்திருக்குமே, அக்கா. எங்கை படுத்தவை?"

"என்ன பாடு? மேலை நாலு அறை இருக்குது. ரெண்டு அற்றாச் பாத்றூம். சுடுதண்ணி வருது. மச்சாள் சொல்லிச்சுது, கனடாவிலைகூட இப்பிடி நித்திரை வரேல்லையாம்."

ஏரம்பு இருமினார். கனகாம்பிகைக்கு அது கேட்கவில்லை, அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். உதயகலா பையில் இருந்து புதுப் படிவமொன்றை எடுத்தாள்.

"அப்ப நாலு அறை எண்டு எழுதட்டோ, அண்ணை? இல்லாட்டிக் கனடாக்காரர் வெளியிலை படுத்தவை எண்டு எழுதட்டோ?"

ஏரம்பு மனைவியைப் பார்த்தார், அல்பத்தைப் பார்த்தார். கடைசியில், "எழுது," என்றார். "சுடுதண்ணியையும் போடு."

அன்றிலிருந்து அவள் படிவத்தைப் பைக்குள் வைத்துவிட்டு வெறுங்கையோடு போனாள். அறை இருக்கோ என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. உங்கடை கலியாண அல்பத்தைப் பாக்கலாமோ என்று மட்டும் கேட்டாள். கதவுகள் தாமாகத் திறந்தன, யானை மார்க் சோடாப் போத்தல்கள் உடைக்கப்பட்டன. ஏரம்பு வீட்டில் பதினேழு பேர் நின்றார்களாம் என்று மெல்லக் காதில் போட்டால் போதும், எதிர்வீட்டுச் சுரேசுக்குப் பொறுக்காது. "பதினேழோ? எங்கடை பெட்டை பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு இருபத்தொரு பேர்," என்று அவர் அறை அறையாகக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். வீடே இல்லை என்று விறாந்தையில் இருந்து சொன்ன ஜஸ்ரின் மாஸ்ரரோ, மகனுடைய கலியாணத்துக்கு ஜேர்மனியில் இருந்து சம்பந்திமார் வந்து ஒரு கிழமை நின்றதைச் சொல்லிக்கொண்டே போனார். நாலாம் நாள் பின்னேரம், தன் வீட்டைத் தவிர்த்தே, பட்டியலில் ஐம்பத்தெட்டு அறைகள். உதயகலா அந்தக் கடதாசியை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, ஒழுங்கையில் தனியாகச் சிரித்தபடி நடந்தாள்.

சனிக்கிழமை காலை றொகான் தலைக்கவசத்தைக் கழற்றியபடியே கேட்டார். "அஞ்சு எண்டீங்கள். ஒரு கிழமையிலை ஐம்பத்தெட்டு. என்ன, அறை குட்டி போட்டதோ?"

"வந்து பாருங்கோ, சேர்."

பார்த்தார். சும்மா பார்க்கவில்லை, கட்டிலில் இருந்து பார்த்தார், பைப்பைத் திறந்து பார்த்தார், யன்னலைச் சாத்திப் பார்த்தார். முந்தி இல்லை என்று சொன்னவர்கள் இப்போது எந்த அளவுக்குப் போயிருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. சுரேசின் ஏழு அறைகளில் ஒன்று வலை வைக்கும் கொட்டில், இன்னொன்றில் ஆடு கட்டியிருந்தது. சாமத்திய வீட்டன்று ஆட்டை அவிழ்த்துவிட்டுக் கழுவிப் பாய் விரித்ததாகச் சுரேஸ் விளக்கினார். ஆடு றொகானை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் குழையைக் கடித்தது. வெட்டிக்கொண்டே போனார் றொகான். ஊர் அவருக்குப் பின்னால் நடந்தது. வீட்டுக்கு வீடு ஆட்கள் கூடி, வெட்டு விழும்போதெல்லாம் சிரிப்பும் எழும்பியது. ஏரம்பு வீட்டுச் சுடுதண்ணியில் அவர் கையை நனைத்தபோது கனகாம்பிகை எல்லாரையும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

மதியம் கழிந்து, உதயகலா வீட்டுப் படலைக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் நின்று றொகான் கூட்டினார்.

"முப்பத்தொன்பது," என்றார். "அக்கா, ஒண்டு குறையுது. எனக்கும் கவலைதான். ஆனால் ஆட்டுக்கொட்டிலை நான் எழுத ஏலாது."

கூட்டம் அடங்கியது. உதயகலா மட்டும் பதறவில்லை. "என்ரை ரெண்டையும் சேத்துக் கூட்டினனீங்களோ, சேர்? அது இந்தப் பட்டியலிலை இல்லை. முதல் எடுத்த படிவத்திலை இருக்கும்."

றொகான் பழைய கட்டை எடுத்து முதல் தாளைப் பார்த்தார். பிறகு தாளை அவள் பக்கம் திருப்பினார்.

'குடும்பத் தலைவர்: ஜெயரூபன். தங்கக்கூடிய அறை: இல்லை. கூரை ஒழுக்கு.'

எழுத்து அவளுடையது. முதல் நாள் படிவம் நிரப்பிப் பழகுவதற்காக, தன் வீட்டுக் குசினியில் இருந்துகொண்டு, அடுப்பில் கறி கொதிக்க, தானே கேட்டுத் தானே எழுதிய தாள். கூரை ஒழுகவில்லை. அது போட்டு மூன்று வருடமாகவில்லை. கதவுக்கப்பால் இரண்டு அறைகளும் வெள்ளை விரிப்போடு இருக்க, அவளுடைய கை இல்லை என்று எழுதியிருக்கிறது. எழுதியது அவளுக்கு நினைவுகூட இல்லை. தொண்ணூற்றாறு வீட்டுச் சனத்தையும் ஒரு கிழமையாக மனதுக்குள் திட்டித் தீர்த்தவள், தாளோடு அப்படியே நின்றாள்.

முதலில் சிரித்தது ஜெயரூபன். "என்ரை கூரை எப்ப ஒழுகினது?" என்று கேட்டான். அதற்குப் பிறகு ஏரம்பு சிரித்தார், ஊர் சிரித்தது. உதயகலாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

றொகான் புதுப் படிவமொன்றைப் பலகையில் வைத்துப் பேனையைத் திறந்தார். "அக்கா, இப்ப நான் கேக்கிறன், நீங்கள் சொல்லுங்கோ. ஒழுங்காக் கேக்க வேணும். வெளியாள் நிக்கக்கூடிய அறை இருக்கோ?"

உதயகலா வாயைத் திறந்தாள். தொண்டைக்குள் இருந்து பழைய சொல்தான் முதலில் ஏறியது. அதை விழுங்கினாள்.

"ஓம்," என்றாள். "இருக்கு. ரெண்டு."

உள்ளே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாள். றொகான் கட்டிலில் இருந்தார், யன்னலைத் திறந்தார், கடற்காற்று திரையைத் தூக்கி அவர் முகத்தில் போட்டது. இரண்டு என்று எழுதி, கீழே நாற்பத்தொன்று என்று கூட்டினார். வெளியே யாரோ விசிலடித்தார்கள்.

"அவ்வளவுதான், அக்கா. முடிஞ்சுது," என்று அவர் பேனையை மூடப் போனார்.

"நில்லுங்கோ, சேர்." உதயகலா அறை மூலைக்குப் போய், அங்கே எதையோ மூடியிருந்த துணியை இழுத்து எடுத்தாள். "தையல் மெசினும் ஒண்டு இருக்கு. அதையும் எழுதுங்கோ."

படிவத்தில் அதற்கு இடமில்லை. றொகான் அவள் முகத்தைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. தாளின் ஓரத்தில், வடிவான எழுத்தில், 'தையல் மெசின்: ஒன்று' என்று எழுதினார்.