‘வர்றேன்’ பட்டன்

ஒரு கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்று, சூப்பர்வைசரின் விரல் நம் பக்கம் நீளுமா என்று நீங்கள் காத்திருந்ததுண்டா?

ஓசூர் சிப்காட்டில் ராஜாத்தி தினமும் காலையில் அப்படித்தான் நின்றாள். அன்றும் சூப்பர்வைசர் வெங்கடப்பனின் விரல் அவளைத் தாண்டிப் போனது. இளவயதுப் பிள்ளைகளாகப் பொறுக்கி உள்ளே அனுப்பிவிட்டு, "மிச்சப் பேரு நாளைக்கு வாங்க" என்றான்.

"நாளைக்கும் இதையேதான் சொல்லுவ. போன மாசம் வரைக்கும் இந்தக் கைதான பேக்கிங் பண்ணுச்சு? அதுக்குள்ள கெழவி ஆயிட்டனா?"

"நான் என்னாக்கா பண்றது? முன்ன ஆளு கெடைக்காம உன்னக் கெஞ்சிக் கூப்புட்டேன். இப்ப பாரு, திருவிழாக் கூட்டம். எத்தன பேரு வர்றாங்கன்னு மொதநாளே தெரிஞ்சிடுது. எல்லாம் உங்க லைன் வீட்டுப் பையன் வெப்சைட்டு புண்ணியம்."

அந்தப் பையன் வெஸ்லின். வேலை போய் அறையில் உட்கார்ந்திருந்தபோது செல்போனிலேயே செய்த பக்கம். வெள்ளைத் திரை, கறுப்பு எழுத்து. நாளைக்கு எந்த கேட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று இருக்கும். பக்கத்தில் ‘வர்றேன்’ என்று ஒரு பட்டன். அழுத்தியவர்கள் எத்தனை பேர் என்று காட்டும். கூட இருந்தவர்களுக்காகச் செய்தது, மத்தூர், சாமல்பட்டி என்று பரவியது. இந்தியிலும் கன்னடத்திலும் கேட்டார்கள், போட்டான். இப்போது விளம்பரம் வருகிறது. பெங்களூரிலிருந்து ஒருவர் காரில் வந்து விலை பேசிவிட்டுப் போனார்.

ராஜாத்தியின் போனில் பேச மட்டும்தான் முடியும். சாயங்காலம் அவன் அறை வாசலில் போய் நின்றாள்.

"தம்பி, எங்க கேட்ட மட்டும் எடுத்துடுப்பா. முன்ன அங்க வர்றது நாங்க எட்டுப் பொம்பளைங்கதான். தெனம் வேல இருந்துச்சு."

"எடுத்தா எல்லாரும் என்னத் திட்டுவாங்கக்கா."

"திட்டுனா திட்டட்டும். உங்க மாமா பிரஸ் மிஷின்ல கைய நசுக்கிக்கினு படுத்துக் கெடக்கறாரு. எங்கூலி வந்தாத்தான் அடுப்பு. வாடக பாக்கின்னு வீட்டு ஓனரு பூட்டு வாங்கி வெச்சிருக்கான்."

வெஸ்லின் போனை எடுத்தான். அந்த கேட்டின் பெயரை அழித்து, திரையை அவள் பக்கம் திருப்பினான். "பாருங்கக்கா. இல்ல."

"நல்லா இருப்ப ராசா."

பழைய பெண்கள் ஏழு பேரின் வீட்டுக்கும் நடந்தே போய்ச் சொன்னாள். "நாளைக்கு நாமதாண்டி. தலய சீவிக்கினு சீக்கிரம் வந்து சேருங்க."

அதே நேரம் டீக்கடையில் வெங்கடப்பன் அந்தப் பக்கத்தைத் திறந்தான். அவன் கேட் இல்லை. வருகிறவர்கள் கணக்கும் இல்லை. ஆள் வராமல் பேக்கிங் லைன் நின்றால் மானேஜர் காய்ச்சி எடுத்துவிடுவார். கூலி ஆள் அனுப்பும் அத்திப்பள்ளி ஏஜென்டைப் போனில் கூப்பிட்டான்.

"ஏம்ப்பா, நாளைக்கு இங்க ஒருத்தரும் வரப்போறதில்ல. ரெண்டு பஸ்ஸு ஆளு அனுப்பு. இனிமே தெனமும் அவங்களே வரட்டும்."

மறுநாள் காலை ராஜாத்தியும் ஏழு பெண்களும் கேட்டில் நின்றார்கள். வேறு யாரும் வரவில்லை. இரண்டு பஸ்களும் உள்ளே போயின. வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினான்.