மெயினைப் போட்ட கை

தெருவின் கடைசியில் இருந்த குஞ்சு பொரிக்கும் கொட்டகையை ஓர் அக்காவும் தம்பியும் நடத்தி வந்தார்கள். அக்கா எதையும் நாலு தடவை யோசிப்பாள். அவள் யோசித்து முடிப்பதற்குள் தம்பி அந்த வேலையைச் செய்து முடித்து, அதில் பாதியைக் கெடுத்தும் வைத்திருப்பான். "இவனுக்குக் கால்ல சக்கரம், மண்டையில பிரேக் இல்ல" என்று அக்கா சொல்வாள். அவனும் சிரித்துக்கொள்வான்.

கோடையில் கரண்ட் போய்ப் போய் ஒரு ஈடு முட்டை முழுவதும் கெட்டுப்போன பிறகுதான் ஜெனரேட்டர் வாங்குவது என்று முடிவானது. தம்பி கடையிலேயே பெரிய ஜெனரேட்டரின் மேல் கை வைத்து நின்றுவிட்டான். கூட வந்த எலக்ட்ரீஷியன், இந்தக் கொட்டகைக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை என்று சொல்லி நடுத்தர அளவில் ஒன்றை எடுக்க வைத்தார். கொட்டகைக்குப் பின்னால் சிமெண்ட் மேடை போட்டு, அதிர்வுக்கு ரப்பர் வைத்து, புகைக்குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோய் விட்டார். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் மட்டும் கடையில் இருப்பு இல்லை.

அந்தச் சுவிட்சின் கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளினால் தெருக் கரண்ட், மறுபக்கம் தள்ளினால் ஜெனரேட்டர், இரண்டும் ஒருநாளும் ஒன்றையொன்று தொடாது என்று அவர் அக்காவுக்கு விளக்கினார். அது வருகிறவரை கொட்டகை வயரிங்கில் ஜெனரேட்டரைக் கோக்கவே கூடாது, கோத்தால் அந்தக் கரண்ட் தெருக் கம்பிக்கு ஏறிவிடும் என்றும் சொன்னார். தம்பி அப்போது டீசல் ஊற்றிக்கொண்டிருந்தான்.

சுவிட்ச் வருவதற்கு முன்னால் புயல்காற்று வந்துவிட்டது. விடிந்தபோது, கொஞ்ச தூரத்தில் ஒரு மரக்கிளை விழுந்து மின்கம்பி அறுந்து கிடந்தது. அறுந்த முனைக்கு இந்தப் பக்கம் இருந்தவை இவர்கள் கொட்டகையும் பக்கத்துத் தையல் கடையும்தான். பொரிப்பானுக்குள் குஞ்சுகள் ஓட்டைக் கொத்தத் தொடங்கியிருந்தன. கதவில் காதை வைத்தால் சத்தம் கேட்டது. எலக்ட்ரீஷியனுக்குப் போன் போகவில்லை. பொரிப்பானின் சூடு இறங்கிக்கொண்டே இருந்தது.

"வெந்நீர் பாட்டில் வெச்சாவது சமாளிப்போம்டா" என்று சொல்லிவிட்டு அக்கா அதே தெருவில் இருந்த தங்கள் வீட்டுக்கு ஓடினாள்.

தம்பி ஒரு வயரின் இரண்டு முனையிலும் பிளக் மாட்டினான். மெயின் சுவிட்சை இறக்கினான். வயரின் ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறு முனையைச் சுவரில் இருந்த பிளக் பாயிண்டிலும் செருகி இன்ஜினைக் கிளப்பினான். பொரிப்பானின் விசிறி சுழன்றது. ஜெனரேட்டர் இருமி இருமி ஓடியதால் கொட்டகைக்குப் பின்னாலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா பாட்டில்களோடு வந்தபோது விசிறி ஓடுவதைப் பார்த்து நிம்மதியானாள். அவன் பொரிப்பானுக்கு மட்டும் நேராக வயர் இழுத்திருக்கிறான் என்று நினைத்தாள். மெயின் இறங்கிக் கிடந்தது. தெருவில் கரண்ட் வந்தால் எப்படித் தெரியும் என்று அதை மேலே தள்ளிவிட்டாள். நாலு தடவை யோசிக்கிறவள் அன்றைக்கு ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் தையல்காரம்மா வாசலில் வந்து நின்றாள். "கரண்ட் வந்துடுச்சு. என் கடையில ஃபேன் ஓடுது, பாருங்க."

அக்கா வெளியே எட்டிப் பார்த்தாள். எதிர் வரிசையில் எங்கும் ஒரு விளக்குகூட எரியவில்லை. சற்றுத் தள்ளி, கம்பத்தின் மேல் லைன்மேன் பெல்ட்டில் சாய்ந்து நின்று அறுந்த கம்பியை நோக்கிக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

கத்தினாள். ஜெனரேட்டர் இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கம்பத்துக்கு ஓடுவதா, மெயினுக்கு ஓடுவதா? திரும்பி உள்ளே பாய்ந்தாள். கையிலிருந்த பாட்டில் விழுந்து வெந்நீர் காலில் கொட்டியது. மெயினை இறக்கிய அதே நேரம் வெளியே ஏதோ விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

தலைக்கவசம். அது தெருவில் கிடந்தது. மேலே அந்த மனிதர் பெல்ட்டில் தலை தொங்கிக் கிடந்தார்.

கீழே இருந்த அவருடைய கூட்டாளி ஏணியில் ஏறினார். தம்பி ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு ஓடி வந்து ஏணியைப் பிடித்தான். கயிறு கட்டி இறக்கிப் படுக்க வைத்தபோது லைன்மேனின் உள்ளங்கை கருகியிருந்தது. அக்கா அவர் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஏறி இறங்கியது. அதற்குப் பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

ஆம்புலன்ஸ் போன பிறகு மின்வாரிய அதிகாரி வந்தார். லைன்மேன் முதலில் சோதித்தபோது கம்பி செத்துத்தான் இருந்ததாம். கம்பியை இணைக்கும் கிளிப்பை எடுக்க இறங்கி மறுபடி ஏறுவதற்குள் உயிர் வந்திருக்கிறது. யார் செய்தது என்று அதிகாரி கேட்டார்.

"நான்தான் சார். வயர் போட்டதும் நான், மெயினை மறந்ததும் நான்" என்றான் தம்பி.

அவன் மறக்கவில்லை என்பது அக்காவுக்குத் தெரியும். அவன் கண் அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னது. தெருவே அவனைத்தான் நம்பும். அவசரக்குடுக்கை என்று பேர் எடுத்தவன் அவன்தானே.

"இல்ல சார். அவன் இறக்கித்தான் வெச்சிருந்தான். மேல தள்ளினது நான்" என்றாள்.

அதிகாரி இருவர் மேலும் புகார் எழுதினார். கொட்டகையின் இணைப்பைத் துண்டித்தார்கள். முட்டைகளை வெந்நீர் பாட்டிலும் போர்வையுமாகக் காத்ததில் பாதிக்கும் குறைவாகத்தான் பொரித்தன. அன்றைக்கு இருவரும் அவற்றை எண்ணிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் லைன்மேனைப் பார்க்க விட்டபோது சேர்ந்தே போனார்கள். அவருடைய மனைவி அவர்களை உட்காரச் சொல்லவில்லை. அக்கா சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொல்லி, நாங்கள் என்ன செய்யட்டும் என்று கேட்டாள்.

அவர் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு விரல் மடங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இனிமே கம்பம் ஏற முடியாது. அதுக்கு நீங்க என்ன செய்ய முடியும்?" என்றார்.

பிறகு அவரே கேட்டார். "கடைசியா மெயினை இறக்கினது யாரு?"

"நான்தான்" என்றாள் அக்கா.

"கம்பத்துக்கு ஓடி வந்திருந்தா நான் இருந்திருக்க மாட்டேன்மா."

அவருடைய மனைவி எழுந்து, மூலையில் இருந்த நாற்காலியை அக்காவின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.