இரண்டாவது அனுமதி

கௌசியின் மாற்றம் நாலே வரிதான். எழுதிய நிரலைச் சோதித்துப் பயனாளர்வரை கொண்டுபோகும் பைப்லைனில், அனுமதி கொடுப்பவர்களின் பட்டியலில் இருந்த தன் பெயரை அவளே எடுத்திருந்தாள். எழுதியவரே ஒப்புதல் கொடுக்க முடியாது, இன்னொருவர் அழுத்த வேண்டும் என்பது அலுவலக விதி. அந்த இன்னொருவன் பிரியந்தன், அவளுடைய கணவன். திங்கட்கிழமை அவள் கல்கரியில் புது வேலைக்குப் போகிறாள், தனியாக.

ஸ்ரௌவ்வில் நகரில் இருவரும் வாழ்ந்த வீட்டின் மேல்மாடியில் இருந்துகொண்டு அவன் சோதனைகளை மறுபடி ஓடவிட்டான். கிளவுட்டில் எங்கோ சோதனைக்கென்றே ஒரு தற்காலிகக் கணினி, ஒரு புதுக் கொன்ரெய்னர், பிறந்து, நிரலை இறக்கி, கட்டி, ஒவ்வொன்றாய்ச் சோதித்து, வேலை முடிந்ததும் தடமில்லாமல் அழிந்தது. எல்லாம் பச்சை, ஒரு பிழையும் இல்லை. ஒன்றாவது சிவப்பானால் திருப்பி அனுப்பலாமே என்று மனம் அடித்துக்கொண்டது.

வீட்டைவிட்டுப் போய்த் தங்கியிருந்த, வெக்ஸ்போர்ட் பகுதியிலுள்ள தமக்கை வீட்டிலிருந்து கௌசி அவனுக்குப் போன் எடுத்தாள்.

"மூண்டாந்தரமும் ஓட விட்டிருக்கிறீங்கள். எனக்கு இஞ்ச ஸ்கிரீனில தெரியுது."

"வடிவாப் பாக்க வேணுமெல்லோ."

"நாலு வரியை? ரிலீஸ் நாளிலயே கண்ணை மூடிக்கொண்டு அமத்திற ஆள் நீங்கள்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"கௌசி, நாங்களும் புதுசாத் தொடங்கினால் என்ன?"

"உந்தக் கொன்ரெய்னர் ஒவ்வொரு தரமும் வெறுமையாத் தொடங்கும். முந்தி நடந்த ஒண்டும் உதுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே. வயித்தில பிள்ளை தங்காமல் போய் நான் கீழ கிடந்து அழேக்கை, நீங்கள் மேல போய் லப்ரொப்பைத் திறந்தனீங்கள்."

"வேற என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்லை."

"ஓம். அதுவும் எனக்குத் தெரியும்."

அவள் குரலில் கோபமில்லை.

அவன் அனுமதிப் பொத்தானை அழுத்தினான்.

அவள் பெயர் இருந்த பட்டியலை வைத்து அனுமதிகளைச் சரிபார்க்கும் சேவையும் அதே பைப்லைன் வழியாகத்தான் புதுப்பிக்கப்படும். பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் புதியது எழுந்தது. அது ஒழுங்காகப் பதில் சொல்கிறதென்று தெரிந்தபின், வரும் வேலையெல்லாம் அதன் பக்கம் திரும்பியது. பழையதை உடனே நிறுத்திவிடுவதில்லை. கையிலுள்ளதை முடிக்கச் சற்று அவகாசம் கொடுப்பார்கள்.

அதுவரை இருவரும் போனை வைக்கவில்லை.

"நீர் சாப்பிட்டீரோ?"

"இல்லை. அக்கா புட்டு அவிக்கிறா. நீங்கள்?"

"பிறகு."

திரையில் பழையது நின்றுபோனது. அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

"முடிஞ்சுது, என்ன?" என்றாள்.

"ஓம்" என்றான்.