ஐந்தாம் எண் நிழல்

ஒரு வியாழக்கிழமை காலை பத்து நாற்பதுக்குக் கடல்மேல் விழுந்த மேகத்தின் நிழல், மேகம் கலைந்து போன பிறகும் இடத்தைவிட்டு நகராமல் ஆறு வருடம் அங்கேயே கிடந்தது. நீளம் மூன்று கிலோமீட்டர், அகலம் ஒன்றரை. துறைமுகத்திலிருந்து படகில் ஒன்றரை மணி நேரத் தூரம். உச்சி வெயிலில் அதற்குள் நுழைந்தவர்களுக்கு உடம்பு சிலிர்த்தது, விளிம்பைத் தாண்டி வெளியே வந்தால் கண் கூசியது. மற்றபடி அதனால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இருந்திருக்காது, ஒருத்தி அதை எண்ணெய் என்று எழுதாமல் இருந்திருந்தால்.

எழுதியவளை ஊரில் ஜன்னல்காரி என்றார்கள். கடல் கண்காணிப்பு விமானத்தில், வெளியே புடைத்துக்கொண்டிருக்கும் கண்ணாடி ஜன்னலில் முகத்தை வைத்தபடி நான்கு மணி நேரம் கீழே பார்த்துக்கொண்டிருப்பது அவள் உத்தியோகம். கப்பல்கள் கள்ளத்தனமாகக் கொட்டிவிட்டுப் போகும் எண்ணெயை நிறத்தை வைத்தே அவள் எடைபோடுவாள். வெள்ளி மாதிரி மினுங்கினால் ஒன்று, வானவில் நிறம் காட்டினால் இரண்டு என்று ஏறிக்கொண்டே போய், கறுத்துத் தடித்துக் கிடந்தால் ஐந்து. ஐந்து எழுதிவிட்டால் இரண்டு காரியம் தானாக நடக்கும். அதே விமானம் தரையிறங்கி, வயிற்றுத் தொட்டியில் எண்ணெயைக் கரைக்கும் மருந்தை நிரப்பிக்கொண்டு போய்த் தெளித்துவிட்டு வரும். துறைமுக அலுவலகம் அந்த இடத்தில் மீன் பிடிக்கத் தடை போடும். மேக நிழலும் பாசித் திட்டும் மேலிருந்து பார்த்தால் எண்ணெய் மாதிரியே இருந்து தொலைக்கும் என்பதால், சூரியனை முதுகுப் பக்கம் வைத்து இன்னொரு சுற்று சுற்றிப் பார்த்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். பதினோரு வருடத்தில் அவள் அந்தச் சுற்றை ஒருநாளும் விட்டதில்லை.

அந்த வியாழக்கிழமை விட்டாள். காரணம் விமானி. இருவருக்கும் முதல் நாளிலிருந்தே ஆகாது. அவள் டீயைக் கையில் எடுக்கும் நேரம் பார்த்து அந்த மனுஷர் விமானத்தைச் சாய்க்கிறார் என்பது அவள் கட்சி. மிதந்து வரும் பிளாஸ்டிக் பைக்குக்கூட விமானத்தைச் சுற்றவைத்துத் தன் உயிரை வாங்குகிறாள் என்பது அவர் கட்சி. அன்று அவள், "இடது பக்கம் கறுப்பா இருக்கு, ஒரு சுத்து சுத்துங்க" என்றதும் காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டில் அவருடைய சிரிப்பு கேட்டது. "மேகத்து நிழல்மா அது. இத்தனை வருஷம் ஜன்னல்ல உக்காந்தும் நிழல் எது எண்ணெய் எதுன்னு தெரியலையா?" அது நிழலாகத்தான் இருக்கும் என்று அவளுக்கே பாதி தெரிந்திருந்தது. அவர் வாயிலிருந்து வந்த ஒரே காரணத்தால் அது எண்ணெய் ஆயிற்று. மறுபடி சுற்றச் சொல்லவில்லை. ஐந்து என்று எழுதி, நேரம் குறித்து, அழுத்தமாகக் கையெழுத்தும் போட்டாள். வீம்பு என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் கிடையாது.

மதியத்துக்குள் நான்கு டன் மருந்தை நிழல்மேல் தெளித்தார்கள். தெளித்தவரும் அதே விமானிதான். இப்போது போய் நிழல் என்று சொன்னால், அப்போதே ஏன் ஒரு சுற்று சுற்றவில்லை என்று கேட்பார்களே என்று வாயை மூடிக்கொண்டு தெளித்தார். 'எண்ணெய்மேல் தெளிக்கப்பட்டது' என்று எழுதி அவரும் கையெழுத்துப் போட்டார். மறுநாள் வானத்தில் பொட்டு மேகம் இல்லை. நிழல் மட்டும் போட்டது போட்டபடி கிடந்தது.

ஆய்வுக்கூடத்தார் அங்கிருந்து நாலு வாளித் தண்ணீர் எடுத்துப் பார்த்து, எண்ணெய் துளிகூட இல்லை என்றார்கள். மருந்து நன்றாக வேலை செய்ததற்கு அத்தாட்சி என்று அதைக் கோப்பில் வைத்துக்கொண்டது அலுவலகம். அப்படியென்றால் தடையை எடுங்கள் என்று படகுக்காரர்கள் போய் நின்றார்கள். மேலிருந்து பார்த்தால் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது, கறுப்பு போகட்டும், தடை தானாகப் போகும் என்று பதில் வந்தது. வருடத்தில் எட்டு மாதம் அந்த ஊர் பிழைத்ததே அந்த ஒரு திட்டில் கிடைத்த மீனை வைத்துத்தான். ஆகவே ஊர் ஒன்றுகூடி அவளை வெறுத்தது. அவள் கடைக்குள் நுழைந்தால் கடைக்காரர் தராசைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார், அவள் கிளம்பும்வரை துடைப்பார். பேருந்தில் அவள் பக்கத்து இருக்கையில் உட்காருவதைவிடக் கால் வலிக்க நிற்பது மேல் என்று கர்ப்பிணிகள்கூட நின்றார்கள். வீட்டுச் சுவரில் ஆள் உயரத்துக்குத் தாரால் 5 என்று எழுதினார்கள். அவள் வெள்ளையடித்தாள், அவர்கள் எழுதினார்கள், இப்படியே சுவர் ஒரு விரல்கடை தடித்துப்போயிற்று.

அவளுடைய அண்ணனுக்கும் ஒரு படகு இருந்தது. முதல் வருடம் முழுக்க அவன் தங்கைக்காகச் சண்டைக்குப் போனான். ஏலக் கூடத்தில் இரண்டு பேருக்குப் பல் ஆடியது. இரண்டாம் வருடம் வீட்டில் அண்ணியின் பேச்சும் தாங்க முடியவில்லை, பிள்ளைகளின் முகத்தையும் பார்க்க முடியவில்லை. ஒரு காலையில் படகை நேரே நிழலுக்குள் விட்டான். வலையை இழுக்க முடியாத அளவுக்கு மீன். அவன் இழுத்துக்கொண்டிருக்கும்போது மேலே விமானம் வந்தது. தடை போட்ட இடத்தில் படகு தெரிந்தால் கேமரா தானாகப் படம் பிடித்துவிடும், படத்திலுள்ள படகின் எண்ணை எழுதிக் கொடுப்பது மட்டும்தான் அவள் வேலை. எழுதிக் கொடுத்தாள். துறைமுக அலுவலகத்தார் வந்து எஞ்சினைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்று சாயங்காலம் அண்ணன் அவள் வாசலில் வந்து நின்றான், உள்ளே வரவில்லை.

"மேலருந்து என்னைத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"கையாட்டினேன்."

"பாத்தேன்."

அதோடு அண்ணன் தங்கை பேச்சு முடிந்தது. அவன் ஐஸ் கம்பெனியில் பாளம் தூக்கும் வேலைக்குப் போனான். அவள் தினமும் அந்தப் பக்கமாகத்தான் விமான தளத்துக்குப் போக வேண்டும். அவன் தினமும் சொல்லிவைத்த மாதிரி அந்த நேரத்தில் திரும்பி நின்றுகொண்டான். அந்த முதுகை நான்கு வருடம் பார்த்ததில் அவளுக்கு வயிறு எரிந்தது. விமானியின்மேல் எரிந்தது, ஊர்மேல் எரிந்தது, போகப் போகத் தன்மேலேயே எரிந்தது.

ஒருமுறை உண்மையைச் சொல்லிவிடப் பார்த்தாள். மூன்றாம் வருடம் அதிகாரியின் அறைக்குப் போய், அது நிழல்தான், நான் தப்பாக எழுதிவிட்டேன், திருத்தித் தருகிறேன் என்றாள். அதிகாரி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "நாலு டன் மருந்தை நிழலுக்கு அடிச்சோம்னு என்னைக் கையெழுத்துப் போடச் சொல்றீங்களா? போட்டா முதல்ல உங்க வேலை போகும், அப்புறம் விமானியோட வேலை, அப்புறம் என்னோடது. வீட்டுக்குப் போங்க." அவள் வீட்டுக்குப் போனாள். மிரட்டலுக்குப் பயந்துதான் போனாள். அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

நான்காம் வருடம் கப்பல்கள் விஷயத்தைத் தெரிந்துகொண்டன. ஏற்கெனவே எண்ணெய் என்று பதிவான இடத்தில் எண்ணெய் கொட்டினால் அது பழைய கணக்கில்தான் சேரும் என்று எந்த மகராசன் கண்டுபிடித்தானோ, நேராகப் போக வேண்டிய கப்பல்களெல்லாம் வளைந்து வந்து நிழலுக்குள் தொட்டி கழுவிவிட்டுப் போயின. வெயில் படாத எண்ணெய் மினுங்காது, நிறம் காட்டாது. கறுப்புக்குள் கறுப்பை அவள் எதை வைத்து எடைபோடுவாள்? கப்பல் நிற்கிறது, கொட்டுகிறது என்று பன்னிரண்டு அறிக்கை எழுதினாள். பன்னிரண்டும் 'மேற்படி எண்ணெய் முன்பே பதிவில் உள்ளது' என்ற ஒரே முத்திரையோடு திரும்பி வந்தன. கொட்டியது முழுவதும் நிழலின் விளிம்புக்குள் வரப்புக் கட்டின மாதிரி நின்றது. ஆறாம் வருடம் வரப்பு வழிந்தது.

வழிந்தது துறைமுகத்துக்கு வந்தது. படகுகளின் அடியில், படிக்கட்டில், பிள்ளைகளின் உள்ளங்காலில் எல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. சிறகு ஒட்டிப்போன பறவைகள் நடந்தே கரைக்கு வந்து சேர்ந்தன. பழி போட ஊருக்கு அவளைத் தவிர யாரையும் தெரியாது. காலையில் அவள் வேலைக்குக் கிளம்பியபோது வாசற்கதவின் தாழ்ப்பாளிலும் பூட்டிலும் எண்ணெய் அள்ளிப் பூசியிருந்தது. தெருவே அந்தந்த வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. அண்ணியும் நின்றாள். அண்ணி கையைக் கழுவியிருக்கவில்லை.

அன்றைக்கு விமானம் நிழலுக்கு மேலே போனபோது, உள்ளே இரண்டு கப்பல்கள் குழாயைத் தொங்கவிட்டபடி நின்றிருந்தன. அவள் பதின்மூன்றாவது அறிக்கைக்குப் பேனாவை எடுத்தாள், மூடி வைத்தாள். பிறகு, கப்பல், படகு, துறைமுகம், ஐஸ் கம்பெனி என எல்லோருக்கும் கேட்கும் பொது ரேடியோவைத் திறந்தாள். "ஆறு வருஷத்துக்கு முன்னாடி நான் அஞ்சுன்னு எழுதினது தப்பு. அது மேகத்து நிழல். சுத்திப் பாக்காம வீம்புக்கு எழுதினேன். இப்ப உள்ள இருக்கறதுதான் எண்ணெய்," என்று தன் பெயரையும் பணி எண்ணையும் சேர்த்துச் சொன்னாள். விமானி ஆறு வருடத்துக்குப் பிறகு அவளிடம் வேலைக்குச் சம்பந்தமில்லாத முதல் வாக்கியத்தைப் பேசினார். "நான் அன்னிக்கே சொன்னேன்." சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலேயே, சூரியனை முதுகுப் பக்கம் வைத்து ஒரு சுற்று சுற்றினார்.

சுற்றி முடிப்பதற்குள் நிழலின் ஒரு முனை தண்ணீரைவிட்டு மேலே எழும்பியது. ஈரத் தரையிலிருந்து பாயை உரித்து எடுப்பதுபோல மெதுவாக முழுவதும் கழன்று, விமானத்தின் பின்னாலேயே வந்தது. அடியில் இரண்டு வருட எண்ணெய் வெயிலில் பளபளத்தது. குழாய்களை உள்ளே இழுக்கக் கப்பல்களுக்கு நேரம் இருக்கவில்லை. படங்கள் தெளிவாக விழுந்தன. மிதவைக் கயிறு கட்டி, எண்ணெயை உறிஞ்சி எடுத்துக் கடலைத் துப்புரவாக்கப் பதினான்கு மாதம் பிடித்தது. பதினைந்தாம் மாதம் தடை நீங்கியது, அண்ணனின் எஞ்சினைத் துருவோடு திருப்பிக் கொடுத்தார்கள். விமானி இடம் மாற்றப்பட்டார், அதிகாரி பதவி உயர்ந்தார். பொய் அறிக்கை எழுதிய குற்றத்துக்காக ஜன்னல்காரி வேலையைவிட்டு நீக்கப்பட்டாள். அது நியாயம்தான் என்று அவளே சொன்னாள்.

நிழல் அவளோடு வந்துவிட்டது. ஓடுபாதையில் ஒருநாள் தங்கி, பிறகு அவள் வீட்டுக்கு வந்து படுத்தது. தரைக்கு வந்ததில் சுருங்கிப்போய், அவள் வீடும் முன்னால் பாதித் தெருவும் கொள்கிற அளவுதான் இருந்தது. துணி காய மூன்று நாள் ஆனது, பகலிலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. அவள் குறை சொல்லவில்லை. தடை நீங்கியும் ஊர் அவளோடு பேசவில்லை. உண்மையைச் சொல்ல ஆறு வருடமா என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் கோடை வந்து தெரு கொதித்தபோது ஒவ்வொருவராக அவள் வீட்டுச் சுவரோரம் வந்து உட்கார்ந்தார்கள். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வலை தைத்தார்கள், கணக்குப் பாடம் எழுதினார்கள், தூங்கினார்கள். கடைக்காரர் ஒரு நாற்காலியே கொண்டுவந்து போட்டுக்கொண்டார்.

இரண்டாவது கோடையில் அண்ணன் வந்தான். கடலிலிருந்து நேராக வந்திருந்தான், சட்டை நனைந்திருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள். அவன் உள்ளங்கையைத் தரையில் வைத்து நிழலை ஒருமுறை தடவிப் பார்த்தான், கையைத் திருப்பி முகர்ந்தும் பார்த்தான்.

"இதப் போயி எண்ணெய்னு எழுதினியே," என்றான், திரும்பாமல்.

"ஆமாண்ணே," என்றாள்.

அவன் சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான்.