முன்கண்ணாடியில் ஓடிய படம்

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் குடியிருந்த மைக்கேல்ராஜின் கார் நடுவழியில் நின்றுபோகும்போதெல்லாம் அதன் முன்கண்ணாடியில் சினிமா ஓடும். இது தொண்ணூற்றொன்று டிசம்பரில், தக்காளி விலை ஏறிய அதே வாரத்தில் ஆரம்பித்தது. காவிரித் தண்ணீர்ச் சண்டையில் ஊர் கலவரமாகக் கிடந்த அந்த மாதம், ஓசூரில் வேலை கேட்கப் போகிறேன் என்று பஸ் ஏறிய மகன் லாயிட் திரும்பி வரவில்லை. மைக்கேல்ராஜும் மனைவி யூனிஸும் அவனைத் தேடி காரில் கிளம்பினார்கள். ஓசூர் போகும் வழியில் ஆனேக்கல் தாண்டியதும் வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. அவர் இறங்கி பானட்டைத் தூக்கி கார்புரேட்டரை ஊதிக்கொண்டிருந்தபோது, உள்ளே கண்ணாடி முழுக்க வெளிச்சம் பரவி, கதாநாயகன் ஒருவன் பாட ஆரம்பித்தான். அந்தக் காரில் ரேடியோகூடக் கிடையாது. பாடுகிறவனுக்குப் பின்னால், டீக்கடை பெஞ்சில், லாயிட் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தான்.

"ஏங்க, நம்ம லாயிட்டுங்க! ஓடி வாங்க!"

மைக்கேல்ராஜ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நிமிர்ந்து பார்க்காமல் சாவியைத் திருப்பினார். இஞ்சின் பிடித்துக்கொண்டது. கண்ணாடி வெறும் கண்ணாடியானது.

அதன்பிறகு கார் நிற்காத ரோடு பெங்களூரில் இல்லை. எங்கே நின்றாலும் படம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. யூனிஸ் தேங்காய்ச் சோறும் கைமா உருண்டைக் குழம்பும் கேரியரில் கட்டிக்கொண்டுதான் வண்டி ஏறுவாள். பக்கத்து வீட்டு பெர்னதெத், "யூனிஸ்க்கா, இன்னிக்கி வண்டி நிக்குமா? நிக்கும்னா சொல்லு, வறுத்த பட்டாணி எடுத்தாறேன்" என்று கேட்டுவிட்டு பின்சீட்டில் ஏறிக்கொள்வாள். தியேட்டர்களில் தமிழ்ப் படம் ஓடாத மாதங்களில் பின்சீட்டில் இடம் கிடைப்பது கஷ்டம். டிராஃபிக் போலீஸ்காரர்கூட ஒரு பாட்டு முடியும்வரை ஜன்னலோரம் நின்றுவிட்டு, "ஆய்த்து, முடிஞ்சுது, தள்ளுங்க தள்ளுங்க" என்பார். லாயிட் எங்கே என்று யூனிஸ் விரல் நீட்டினால் பெர்னதெத், "ஆமாக்கா, அவன் மாதிரிதான் இருக்குது" என்பாள், பட்டாணியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

மைக்கேல்ராஜ் மட்டும் படத்தைப் பார்த்ததில்லை. வருஷக்கணக்காக, பானட்டுக்கு அடியில் தலையை விட்டபடி பாட்டுகளைக் கேட்டார், அவ்வளவுதான். ஒரு எட்டு உள்ளே வந்து பார்த்திருக்கலாம். பார்த்து, அங்கே லாயிட் இல்லாவிட்டால், அதைத் தன் முகத்தில் யூனிஸ் கண்டுபிடித்துவிடுவாள் என்று பயந்தார்.

அந்தப் பயம் தாங்காமல்தான் இரண்டாயிரத்தில் ஜீவனஹள்ளி மெக்கானிக் முனிகிருஷ்ணனிடம் வண்டியை விட்டு வேறு இஞ்சின் மாட்டினார். "அண்ணா, இனிமே இது நின்னா மீசைய எடுத்துடறேன்" என்றான் முனிகிருஷ்ணன். அவன் மீசை பிழைத்தது. கார் மழையிலும் மேட்டிலும் நிற்காமல் ஓடியது. யூனிஸ் முதலில் குழம்பு வைப்பதை நிறுத்தினாள். பிறகு சாப்பிடுவதையே குறைத்துக்கொண்டாள். வீட்டுவாசலில் நிற்கும் காரில் போய் உட்கார்ந்து கண்ணாடி வழியே எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெச்ச சோறு அப்படியே இருக்கு யூனிஸ். சாப்பிடுமா."

"அவன் சாப்பிட்டானான்னு தெரியலையே."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மைக்கேல்ராஜ் அவளை ஏற்றிக்கொண்டு நேரே ஆனேக்கல் தாண்டிப் போய் ஓர் ஏரிக்கரையில் வண்டியை அணைத்தார். இறங்கி, இனி வண்டி கிளம்பவே முடியாதபடி டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்த ரோட்டரைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தார். பானட்டை மூடினார். உள்ளே வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடியில் வெளிச்சம் பரவியது.

ஏதோ சண்டைக்காட்சி. யூனிஸ் கண்ணாடியைப் பார்க்கப் பயந்து தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். ஆண்டவரே என்று முணுமுணுத்தாள். அடியாட்கள் பறந்து விழுந்த ஹோட்டலின் மூலையில், ஒருவன் சண்டையைச் சட்டை செய்யாமல் இலையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தான். முன்மண்டையில் முடி இல்லை. மைக்கேல்ராஜ் அவளை முந்திக்கொண்டு விரலை நீட்டினார்.

"யூனிஸ், அந்த மூலையில பாரு. தொப்பை போட்டிருக்கான்டி!"

அவள் பார்த்தாள். "உங்க வம்சத்துல தொப்பை இல்லாதவன் யாரு?" என்று சொல்லி, அழுதுகொண்டே சிரித்தாள். பின்னால் வந்த லாரிக்காரன், "ஏனாய்த்து சார், என்னாச்சு, தள்ளணுமா?" என்று கத்தினான். மைக்கேல்ராஜ் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல், சுற்றிக்கொண்டு போகும்படி கையைக் காட்டினார்.

அந்தக் கார் இன்னும் அந்த ஏரிக்கரையில்தான் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் பஸ்ஸில் போய்வருகிறார்கள். அங்கே ஒரு நிறுத்தமே வந்துவிட்டது. "கார் ஸ்டாப் இறங்கறவங்க முன்னால வாங்க" என்று கண்டக்டர் குரல் கொடுக்கிறார்.