பால்கனியில் ஒரு நிலா

இலையுதிர்காலத்தின் முதல் முழுநிலா எழும் மாலையாகப் பார்த்துத்தான் தரகர் வீடு காட்ட வரச் சொல்லியிருந்தார். ஆள் கெட்டிக்காரர். பகலில் கூட்டிவந்தால் சுவரிலிருக்கும் விரிசல் தெரியும். மாலையில் நிலா மட்டும்தான் தெரியும்.

லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. முழங்கால் தேய்ந்துபோன நாத்தனாரைக் கீழே சிமெண்டு மூட்டைமேல் உட்கார வைத்துவிட்டு, இவளும் புருஷனும் ஐந்து மாடி ஏறினார்கள். கல்யாணமான நாளிலிருந்து கூடவே இருக்கும் நாத்தனார். பிள்ளை பெற்றுப் படுத்திருந்தபோது இவளை ஒரு துணிகூடத் துவைக்க விடாதவள். புது வீட்டில் அவளுக்கு ஓர் அறை உண்டா என்பதைத் தவிர இவளுக்கு வேறு கேள்வியே இல்லை.

இரண்டே அறைகள். ஒன்று இவர்களுக்கு, ஒன்று கல்லூரிக்குப் போகும் மகனுக்கு.

பெட்டியைத் திறந்து நகை காட்டுகிறவரைப் போல, தரகர் பால்கனிக் கதவைத் திறந்தார். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நிலா பழுத்த நிறத்தில், பெரிதாக எழும்பிக்கொண்டிருந்தது. இந்தக் காட்சி இந்த வரிசை வீடுகளுக்கு மட்டும்தான் என்றார். புருஷன் உருகிப்போனான். பல்பு மாற்றச் சொன்னால்கூட அண்ணாந்து பார்க்காத மனுஷன். தினமும் இங்கே உட்கார்ந்து காபி குடிக்கலாம் என்றான். தினமும் முழுநிலா வரும் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது.

அவள் பேசாமலே நின்றாள். அவளுடைய மௌனம் அவன் காதில் எப்போதும் சம்மதமாகத்தான் விழும். முன்பணத்தைப் பற்றி அவன் பேச்செடுத்த பிறகுதான் கேட்டாள்.

"உங்க அக்கா எங்க படுப்பாங்க?"

அவன் அறைகளைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் பால்கனியைப் பார்த்தான். முகம் தெளிந்தது.

"இதையே தகடு வச்சு அடைச்சுட்டா ஒரு கட்டில் போடலாமே."

"தாராளமா சார்," என்றார் தரகர், யோசிக்காமல். "எல்லாரும் அதைத்தான் செய்றாங்க. சாரல்கூட அடிக்காது."

"அப்போ நிலா?" என்றாள்.

இருவரும் அதை அப்போதுதான் பார்க்கிறவர்களைப் போலத் திரும்பினார்கள். சின்னதாக ஒரு ஜன்னல் விட்டால் போயிற்று என்று புருஷன் முனகினான்.

"அவங்களைத் தகரப் பெட்டியில போட்டு, ஓட்டை வழியா நிலா காட்டப் போறீங்க. நல்லாருக்கு. இங்க நீங்க படுங்க, அவங்க என்கூட ரூம்ல படுக்கட்டும். சரின்னா இப்பவே கையெழுத்துப் போடுங்க."

அவன் பால்கனியின் நீளத்தை ஒருமுறை கண்ணால் அளந்தான், தன் உயரத்துக்கு. பிறகு, இருட்டுறதுக்குள்ள இறங்கிடலாம், பாவம் அக்கா தனியா உட்கார்ந்திருக்கா என்றான்.