மஞ்சள் சட்டை போனால் யாரும் கேட்பதில்லை

டெல்மரை வண்டியில் உட்காரவைத்துவிட்டுத்தான் தீ வைக்கப் போனேன். என் புருஷனுக்கு இரண்டு வருஷமாக நினைவு தப்புகிறது, வீட்டில் தனியாக விட முடியாது. கூட்டிவந்தால், தீ வைக்கும் குழுவில் நாங்கள் போட்டிருக்கும் மஞ்சள் சட்டை தனக்கும் வேண்டும் என்று ஒரே அடம். எத்தனையோ வசந்தம் இந்தப் புல்வெளியை எரித்த மனுஷர், ஆசைப்படுகிறார், போகட்டும் என்று நானே பட்டன் போட்டுவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அயோவாவில் ஏப்ரலில் பழைய புல்லை எரித்தால்தான் அடுத்த பூ வரும். யாரும் உள்ளே வராதபடி நடைபாதைக்குச் சங்கிலி போட்டோம். வடக்கு ஓரத்தை எரித்து முடித்து, கிழக்கு ஓரமாக நான் தீ வைத்துக்கொண்டே வந்தேன். நடுவில் ஆளுயரப் புல், அதற்குள் சதுப்பு. கடைசியாகத் தெற்கில் வைக்கிற தீயைத்தான் காற்று அந்த நடுப்புல்லுக்குள் தூக்கிக்கொண்டு ஓடும். அதை எங்கள் தலைவன் வேட் வைப்பான்.

வாக்கிடாக்கியில் அவன் சிரிப்பு கேட்டது. “டெல்மர் இன்னும் கெத்தாத்தான் நடக்குறாரு. சதுப்புப் பக்கம் நீங்கதானே அனுப்புனீங்க?”

“நான் அனுப்பல. தெற்கால வைக்காத, வேட்.”

“வச்சாச்சு,” என்றான்.

அவர் உள்ளே போவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மஞ்சள் சட்டை போனால் வேலைக்குத்தான் போகிறது, தீ வருமுன் தானே வெளியே வந்துவிடும் என்று எங்களுக்குப் பழகிவிட்டது. வேறு சட்டையாக இருந்திருந்தால் யாராவது கையைப் பிடித்து இழுத்திருப்பார்கள்.

“உள்ள போகாதீங்க, நோரீன். சொன்னாக் கேளுங்க,” என்றான் வேட். நான் எரிந்து முடிந்த ஓரத்தைத் தாண்டிப் புல்லுக்குள் ஓடிக்கொண்டிருந்தேன். செத்துப்போவேன் என்று பயமாக இருந்தது, அவர் செத்திருப்பாரோ என்று அதைவிடப் பயமாக இருந்தது.

சதுப்பின் விளிம்பில், முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார்.

“யாரும்மா நீங்க? இங்கெல்லாம் வரக்கூடாது, தீ போட்டிருக்கோம்.”

“நான்தாங்க. வாங்க, போயிரலாம்.”

கையை உதறினார். “என் பொண்டாட்டி கிழக்கால நிக்கிறா. அவ வராம நான் நகர மாட்டேன்.”

தெற்கே இரைச்சல் கேட்டது. காய்ந்த கோரை வெடிக்க ஆரம்பித்தது. நான்தான் நோரீன் என்று சொன்னால் நம்பாமல் இந்த மனுஷர் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிடுவார்.

“அவங்கதான் என்னை அனுப்புனாங்க,” என்றேன். “உங்களக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க.”

என் முகத்தையே பார்த்தார். பிறகு கையைக் கொடுத்தார். ஓடினோம். கழுத்தில் அனல் அடித்தது. வழி நெடுகத் திரும்பித் திரும்பிப் புகைக்குள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

நாலு எட்டு வைத்தால் கரிந்த தரை, அங்கே தீ வராது. அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டார்.

“அவ இன்னும் உள்ள இருக்கா,” என்று என் கையிலிருந்து தன் விரல்களை ஒவ்வொன்றாக உருவ ஆரம்பித்தார்.